திசுச் சுட்டிகளும் தோற்கட்டிகளின் பிறப்பிடமும்

தோலில் எழும் கட்டிகளுட் சில நுண்ணோக்கியின் கீழும் தம்மை மறைத்துக்கொள்ளும் இயல்பின. வழக்கமான சாயமேற்றிய திசுச்சீவலில் சிறிய, உருண்டையான, கருநீல உயிரணுக்கள் நெருங்கி நிற்கும், அவ்வளவே. அது தோலிலேயே பிறந்த மெர்க்கல் உயிரணுப் புற்றாகலாம், மெலனோமா எனும் கருமைப் புற்றாகலாம், நிணநீர்ப் புற்றாகலாம், நுரையீரலிலிருந்து பரவி வந்த சிற்றணுப் புற்றாகவும் இருக்கலாம். நான்கிற்கும் மருத்துவம் வெவ்வேறு. பிறப்பிடம் அறியாது மருந்து குறித்தல் நோயாளியின் உயிரோடு விளையாடுவதாகும்.

இவ்வையம் நீக்க உதவுவனவே திசுச் சுட்டிகள். உயிரணுக்கள் தத்தம் வகைக்கேற்பச் சில புரதங்களைக் கொண்டுள்ளன. குறித்த புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளைச் சீவலின்மீது இட்டு, அது பற்றிய இடத்தை நிறமூட்டிக் காண்பதே இம்முறை. 1941இல் ஆல்பர்ட் கூன்சு குழுவினர் எதிர்ப்பொருளோடு ஒளிரும் பொருளை இணைத்து இதற்கு வித்திட்டனர். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டுமளவு ஆக்கும் வழி கண்டபின், இது மருத்துவமனை ஆய்வகங்களில் வேரூன்றியது. பழுப்பு நிறம் எழுந்தால் புரதம் உண்டு என்பது பொருள்.

மெர்க்கல் புற்றில் சைட்டோகெரட்டின் 20 எனும் சுட்டி, உட்கருவை ஒட்டிப் பொட்டிட்டாற்போலத் தோன்றும், டி.டி.எஃப்.1 தோன்றாது. நுரையீரல் சிற்றணுப் புற்றில் பெரும்பாலும் இதன் மறுதலை. எஸ்100, சாக்ஸ்10 இரண்டும் மெலனோமாவையும், சி.டி.45 நிணநீர்ப் புற்றையும் காட்டும். எனினும் விதிவிலக்குகள் உள. சைட்டோகெரட்டின் 20 காட்டாத மெர்க்கல் புற்றும் உண்டு. ஆகவே பல சுட்டிகளை ஒருங்கே நோக்கியே முடிவு கூறுவர்.

இனி, இப்புற்றின் பெயரை நோக்குவோம். பிரீட்ரிக் மெர்க்கல் 1875இல் தோலின் தொடுவுணர்வு அணுக்களை விவரித்தார். 1972இல் சிரில் டோக்கர் இக்கட்டியை விவரித்தபோது வியர்வைச் சுரப்பியையே ஐயுற்றார். 1978இல் மின்னணு நுண்ணோக்கி, மெர்க்கல் அணுவில் உள்ளன போன்ற மணிகளைக் கட்டியிலும் காட்டிற்று. சைட்டோகெரட்டின் 20உம் இரண்டிற்கும் பொதுவாயிற்று. பெயர் நிலைத்தது.

ஆனால் ஒப்புமை வேறு, வழிவழி உறவு வேறு. மொழி பயில்வோர்க்கு இது புதிதன்று. 'சாவி' எனும் சொல் ‘சாவியை, சாவியால்’ எனத் தமிழ் வேற்றுமையுருபுகளைத் தயக்கமின்றி ஏற்கிறது. பிறந்ததோ போர்த்துகீசிய மொழியில். 'வசூல்' என்பதும் அவ்வாறே அரபியிலிருந்து வந்தது. உருபைக் கொண்டு சொல்லின் இன்றைய நடையை அறியலாம். வேரை அறிதல் இயலாது. சுட்டியும் உயிரணுவின் இன்றைய கோலத்தையே காட்டுகிறது.

மெர்க்கல் அணுக்கள் மேல்தோலின் அடியில் உறைவன; கட்டியோ பெரும்பாலும் உட்தோலில் வளர்கிறது. முதிர்ந்த மெர்க்கல் அணுக்கள் பிரிந்து பெருகுவதும் இல்லை எனலாம். போதாக்குறைக்கு, இளம் பி-நிணவணுக்களுக்குரிய பாக்ஸ்5, டி.டி.டி. ஆகிய சுட்டிகளும் இப்புற்றிற் பலவற்றில் தென்படுகின்றன! இதனால் தோலின் மூல உயிரணு, நிணவணு எனக் கருத்துகள் பலவாயின.

2008இல் யுவான் சாங், பேட்ரிக் மூர் குழுவினர் ஆராய்ந்த பத்துக் கட்டிகளுள் எட்டில் ஒரு புதிய வைரசைக் கண்டனர். வைரசு இல்லாத கட்டிகளிலோ கதிரவனின் புறஊதாக் கதிர் விளைத்த மரபணுச் சிதைவுகள் மிகுதி. இவ்விரு வகையும் வெவ்வேறு உயிரணுக்களில் தோன்றியிருக்கலாம் என்று கருதுவோரும் உளர்.