பல் நிற்கிறதா, போய்விட்டதா?

தாடை எலும்பு கரைந்துவிட்டது என்று தெரிந்ததும் காதில் விழும் சிகிச்சைப் பெயர்கள் பல: பிஆர்எஃப், எம்டோகெயின், பிடிஜிஎஃப், பிஎம்பி-2. இவற்றில் வலுவானது எது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று: எலும்பு குறைந்த இடத்தில் பல் இன்னும் நிற்கிறதா? பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

பல் நிற்கிறது என்றால் எலும்பு மட்டும் வளர்ந்தால் போதாது. வேரை எலும்போடு பிணைக்கும் நார்த்திசுவும், வேரின் மேல் படியும் சிமென்டமும் கூடவே வளர வேண்டும். சுவீடனில் உருவான எம்டோகெயின் இதற்கானது. பன்றிக்குட்டியின் முளைக்கும் பல்லிலிருந்து எடுத்த எனாமல் புரதங்கள்தான் இதில் இருப்பவை, பெரும்பகுதி அமெலோஜெனின். இயற்கையில் வேர் உருவாகும் கட்டத்தை மறுபடி நடத்திப் பார்க்கும் முயற்சி என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை உண்டு. ஆனால் இது ஜெல்; இடத்தைத் தாங்கிப் பிடிக்காது. ஆழமான, குறுகலான, மூன்று பக்கமும் எலும்புச் சுவர் மிஞ்சிய பள்ளத்துக்குப் பொருந்தும். பள்ளம் அகலமானால் எலும்புத் தூளும் சேர்க்க வேண்டும். 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி, பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் துகள்களோடே வருவதால் அந்தக் குறை அதற்குக் குறைவு. ஜப்பானில் 2016 முதல் எஃப்ஜிஎஃப்-2 என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி மருந்தும் இருக்கிறது. பள்ளமே இல்லாமல் எலும்பு எல்லாப் பக்கமும் சமமாகத் தேய்ந்திருந்தால், இவை எதிலும் பெரிய பலனை எதிர்பார்க்காதீர்கள்.

பல் போய்விட்டது, இம்பிளான்ட் வைக்க எலும்பு போதவில்லை என்றால் பிஎம்பி-2 பற்றிப் பேசலாம். 1965இல் மார்ஷல் யூரிஸ்ட், தாது நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தார். எலும்பே இல்லாத அந்த இடத்தில் புது எலும்பு முளைத்தது. அந்த ஆற்றலுக்குப் பின்னால் இருந்த புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது பிஎம்பி-2. மேல்தாடை சைனஸ் பகுதியில் எலும்பு கூட்டவும், பல் எடுத்த குழியைச் சுற்றிய குறையை நிரப்பவும் அமெரிக்கா 2007இல் அனுமதித்தது. கொலாஜன் பஞ்சில் நனைத்து வைப்பார்கள். பஞ்சு புரதத்தை நெடுநாள் பிடித்து வைக்காததால் மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற பெரிய அளவு தேவைப்படுகிறது. அதன் விலை முகவீக்கம். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. கர்ப்பிணிகளுக்கும், அந்த இடத்தில் புற்றுநோய் இருந்தவர்களுக்கும் இது கூடாது. பல் நிற்கும் இடத்துக்கும் நான் இதைச் சொல்லமாட்டேன்: விலங்குச் சோதனைகளில் வேர் நேரடியாக எலும்போடு ஒட்டிப்போனது காணப்பட்டிருக்கிறது.

பிஆர்எஃப் உங்கள் சொந்த ரத்தம்தான். உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காமல் சுழற்றி எடுக்கும் ஃபைப்ரின் கட்டி. 2001இல் பிரான்சில் ஜோசப் ஷுக்ருன் குழு அறிமுகப்படுத்தியது. செலவு குறைவு. கடைவாய் ஞானப்பல் எடுத்த பின் வலி குறையவும் ஈறு விரைவாக ஆறவும் உதவும், தயங்காமல் ஏற்கலாம். இது ஒன்றே பெரிய எலும்புக் குறையை நிரப்பிவிடும் என்று யாராவது சொன்னால் மட்டும் இன்னொரு மருத்துவரையும் பாருங்கள்.

மூலப்பொருளையும் கேளுங்கள். எம்டோகெயின் பன்றியிலிருந்து, பிஎம்பி-2 வைக்கும் பஞ்சு மாட்டுக் கொலாஜன், பிடிஜிஎஃப் ஈஸ்ட் வழி. மதத்தாலோ உணவுப் பழக்கத்தாலோ இவற்றில் ஏதாவது வேண்டாம் என்றால், அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மாற்றுப் பொருள் வரவழைக்க மருத்துவருக்கும் அவகாசம் வேண்டும்.