இல்லக் கல்வியும் சங்கற்பமும்

இல்லத்திலேயே குழந்தைகளுக்குக் கல்வி புகட்டும் பெற்றோர், இறைவன் திருமுன் சங்கற்பம் செய்துகொண்டு கால அட்டவணை வகுப்பது நன்று. அட்டவணை பிறழும் நாளில்தான் அவர்களது நம்பிக்கை சோதிக்கப்படுகிறது.

1873-இல் மகரிஷி தேவேந்திரநாத தாகூர், உபநயனம் முடிந்த தம் இளைய மைந்தர் ரவீந்திரரை டல்ஹௌசி மலைக்கு அழைத்துச் சென்றார். இருள் விலகுமுன் மகனை எழுப்பி சமஸ்கிருதப் பாடத்தை நெட்டுருச் செய்விப்பார். கதிரவன் உதித்ததும், தமது உபாசனையை முடித்துவிட்டு, மகனை அருகில் நிறுத்தி உபநிடதம் ஓதுவார். பின்னர் ஆங்கிலம், அதன்பின் குளிர்ந்த நீரில் நீராட்டம். இவற்றில் தளர்வே இல்லை (அக்குளிரில் நீராடுவது சிறுவருக்கு எளிதாகவா இருந்திருக்கும்!).

ஆயினும் நண்பகல் பாடத்தில் மகன் உறங்கி விழுந்தால், தந்தை கடிந்துகொள்ளாமல் விடுவித்துவிடுவார். பலனை இறைவனிடம் ஒப்படைத்தவருக்கே இது கைகூடும். விடுதலை கிடைத்ததுமே உறக்கம் பறந்துவிடும். கோலை எடுத்துக்கொண்டு ரவீந்திரர் தன்னந்தனியே மலைச்சாரலில் உலவப் புறப்படுவார். மகரிஷி அதையும் தடுத்ததில்லை.