மூணு வட்டியும் ஆற்காடு நவாபும்

அன்புள்ள தம்பி,

பைக் வாங்கக் கடன் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். அதற்கு முன் ராயபுரம் மாடிப்பூங்கா வரை ஒருமுறை போய் வா. அங்கே மேடாக நிற்பது, சென்னையின் கருப்பர் பட்டணத்தைச் சுற்றி 1770 வாக்கில் எழுப்பிய மதிலின் மிச்சம். அந்த மதிலுக்காக யோசித்த வரியின் பெயரைத்தான் வால்டாக்ஸ் ரோடு இன்னும் சுமக்கிறது. மதிலைக் கட்டிய காண்ட்ராக்டர் பால் பென்ஃபீல்ட். அவருக்குப் பெரும்பணம் கொட்டியதோ வட்டித் தொழிலில்.

பென்ஃபீல்டிடமும் மற்ற கிழக்கிந்தியக் கம்பெனி துரைமாரிடமும் கடன்பட்டவர் ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜா. போர்ச் செலவு என்று கம்பெனி அவர் தலையில் கணக்கு எழுதியது. கட்டக் காசில்லாதபோது அதே கம்பெனியின் ஊழியர்கள் சொந்தப் பணத்தை வட்டிக்குக் கொடுத்தார்கள். வட்டி ஆண்டுக்கு 36 சதவீதம் வரை போனது. திருவொற்றியூரில் மாதம் நூற்றுக்கு 3 ரூபாயை ‘மூணு வட்டி’ என்பார்களே, அதே கணக்கு. 1767இல் கடன்களைச் சேர்த்து 10 சதவீதத்துக்குப் பத்திரம் எழுதினார்கள். வட்டி இறங்கியது, புதுக்கடன் வாங்குவது நிற்கவில்லை.

ஈடாக அவர் எழுதிக் கொடுத்தது சீமைகளின் நிலவரியை. அறுவடைக்கு முன்பே அந்த வரிப்பணம் துரைமார் கணக்கில் ஏறிவிட்டது. பத்திரத்தில் உழவன் பெயர் இல்லை. கடனைக் கட்டியவன் அவன்தான். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் வலிக்கும் இடம் இது.

நவாப் எழுதிக் கொடுத்த தஞ்சை வருவாயின் மேல் மட்டும் 1,62,000 பவுண்டு தனக்கு வரவேண்டும் என்றார் பென்ஃபீல்ட். சொற்பச் சம்பளக்காரருக்கு அவ்வளவு பணம் ஏது? சென்னை ஆளுநர் பிகட் அதை ஏற்க மறுத்தார். 1776 ஆகஸ்டில் சொந்த ஆலோசனைக் குழுவினரே அவரைக் கைது செய்தார்கள். மறு ஆண்டு காவலிலேயே இறந்தார். 1785இல் எட்மண்ட் பர்க் லண்டன் நாடாளுமன்றத்தில் இந்தக் கடன்களைப் பற்றி நெடுநேரம் முழங்கியும் பலனில்லை. 1801இல் நவாபின் கர்நாடக அரசே கம்பெனி கைக்குப் போனது. பிறகு வந்த ஆணையம் சுமார் 3 கோடி பவுண்டு கோரிக்கைகளைச் சலித்து, ஏறத்தாழ 27 லட்சம் பவுண்டுதான் நியாயமானது என்றது.

ஒருவர் வாங்கிய கடனை வேறொருவர் சுமப்பது அதே காலத்து அமெரிக்காவிலும் நடந்தது. முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் 1826இல் இறந்தபோது அவர் கடன் 1,00,000 டாலருக்கு மேல். அதை அடைக்க, அவர் வீட்டில் அடிமைப்பட்டிருந்த மனிதர்களை அடுத்த ஜனவரியில் ஏலம் விட்டார்கள்.

ஆகவே பைக் ஷோரூமில் மாதத் தவணையை மட்டும் கேட்காதே. ஆண்டு வட்டி எத்தனை, கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்டுவேன் என்று எழுத்தில் வாங்கு. வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. ஜாமீன் போடும் அம்மாவிடம் அந்தத் தொகையைச் சொல்லிவிட்டுப் போடு. தண்டல்காரரோ மீட்டர் வட்டிக்காரரோ வாசலில் நின்றால், தண்டலையும் மீட்டர் வட்டியையும் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதல் இருக்கிறது; பயப்படாமல் காவல் நிலையத்துக்குப் போ.

அன்புடன்,
மாமா