ஓசையிடும் வால்வும் ஓசையற்ற வால்வும்

பழைய காரின் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்துப் பூட்டியபின், மேல்மூடிக்குள்ளிருந்து 'டிக் டிக்' என்று ஓர் ஓசை எழுவதுண்டு. "டாப்பெட்டை இறுக்கினால் அடங்கிவிடும்" என்பார்கள். அடங்கும், ஆனால் வால்வு பிழைக்குமா? பௌதிகம் பயிலும் மாணவன் என்ற முறையில் இதனைச் சற்று ஆராய விரும்புகிறேன்.

வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடரின் பழைய 1,489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதில் எட்டு வால்வுகள். கேம்ஷாப்ட் புஷ்ராடைத் தூக்க, அது ராக்கரைத் தள்ள, ராக்கர் வால்வைத் திறக்கிறது. ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே 0.015 அங்குல இடைவெளி வேண்டும். சூட்டில் வால்வு நீளும். இடைவெளியின்றேல் வால்வு இருக்கையில் சரியாக அமராது. கொதிக்கும் புகை கசிந்து அதன் விளிம்பை எரித்துவிடும். ஆகவே மெல்லிய ஓசை குற்றமன்று. முழு அமைதியே ஐயத்திற்குரியது.

முதலில், ஓசை வால்வுடையதுதானா என்று அறிக. கேம்ஷாப்ட் எஞ்சினின் பாதி வேகத்தில் சுழல்கிறது. நிமிடத்துக்கு 900 சுற்றில் ஒரு வால்வு 450 முறையே தட்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிளக் வயரைத் துண்டித்துப் பார்க்கையில் ஓசை குறைந்தால், குற்றம் பெரும்பாலும் பேரிங்கிலோ பிஸ்டனிலோ இருக்கும்; வால்வின் ஓசை அதற்கு மசியாது.

அடுத்து, எந்த வால்வு? எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு இடைவெளியிலும் ஃபீலர் கேஜின் தகட்டைச் செருகுக. எங்கே ஓசை தணிகிறதோ, அங்கே இடைவெளி மிகுதி.

எஞ்சினை நிறுத்திச் சரிசெய்ய ஓர் எளிய கணக்குண்டு: கூட்டுத்தொகை ஒன்பது. 8-ஆம் வால்வு முழுதும் திறந்திருக்கையில் 1-ஆம் வால்வை அளக்கலாம். 6 திறந்திருக்கையில் 3-ஐ அளக்கலாம்.

விடுதி நண்பர் ஒருவரின் வண்டியில் அளவு சரியாயிருந்தும் ஓசை நிற்கவில்லை. கழற்றிப் பார்த்தோம்; ராக்கரின் நுனி தேய்ந்து குழிந்திருந்தது. தட்டையான தகடு குழியின் மேல் பாலம்போல் கிடந்து, உண்மையான இடைவெளியை மறைத்துவிட்டது. அத்தகைய ராக்கரை மாற்றுவதே வழி, இறுக்குவதன்று.

இன்னொன்று: புதுப்பித்த எஞ்சின் சிறிது ஓடியபின் ஹெட்டின் நட்டுகளைக் குறித்த அளவுக்கு மீண்டும் இறுக்குவர். ஹெட் சற்றே தாழும், இடைவெளியும் குறையும். ஆதலால் நண்பர்களே, அதன்பின் மறுமுறை அளந்து பாருங்கள். காது குற்றத்தின் இடத்தைக் காட்டும். தீர்ப்புக் கூற வேண்டியது அளவுகோலே.