கால்பந்தும் கழகப் பற்றும்

கடலூர் மாவட்டத்திலுள்ள குறிஞ்சிப்பாடி கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். தறியில் பாவு நூல் நெடுக்கில் ஓடும். ஊடு நூல் குறுக்கில் பாயும். ஒன்று செல்லும் திசைக்கு மற்றொன்று எதிராகச் செல்லும். எனினும், அவ்விரண்டும் எதிர்ப்பட்டுப் பின்னுவதனாலேயே ஆடை உருவாகிறது. பாவு மட்டும் இருப்பின் அது நூற்கற்றையே. விளையாட்டும் அத்தகையதே. எதிரணி இல்லையேல் ஆட்டம் இல்லை. இவ்வுண்மையை மறவாதவரே கால்பந்தாட்டத்தின் நல்ல சுவைஞர் ஆவர்.

கால்பந்தாட்டத்திற்கு உரிய காலம் தொண்ணூறு நிமிடம். ஆயின், ஒரு கழகத்தின்மீது பற்றுக் கொண்டவருக்கு ஆட்டம் அதற்குள் அடங்கிவிடுவதில்லை. முதல் நாளே தேநீர்க் கடையில் பேச்சுத் தொடங்கிவிடும். முன்களத்தில் ஆடுபவர் யார், கோலைக் காப்பவர் யார் என்று நண்பர்கள் வழக்காடுவர். ஆட்டத்தன்று கழகத்தின் நிறம் பொருந்திய சட்டை அணிந்து கூட்டமாகச் செல்வர். அருகில் அமர்ந்திருப்பவர் எவ்வூரினர், என்ன தொழிலினர் என்று எவரும் ஆராய்வதில்லை. கோல் விழுந்த நொடியில் முன்பின் அறியாதவரும் தழுவிக்கொள்வர். தொழிலாலும் செல்வத்தாலும் பிரிந்து வாழும் மக்களை ஒரு பந்து ஓரிடத்தில் கூட்டிவிடுகிறது.

வெற்றியில் உடன் நிற்றல் எளிது. தோல்வியிலும் உடன் நிற்றலே பற்று. சென்னையின் எப்.சி. கழகத்தின் வரலாறு இதற்குச் சான்றாகும். 2014ஆம் ஆண்டில் தோன்றிய அக்கழகம், மறு ஆண்டே இந்தியன் சூப்பர் லீக் போட்டியின் அரையிறுதியை எட்டியது. 2015ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த பெருமழை கடலூரையும் சென்னையையும் வெள்ளக்காடாக்கியது. சென்னையில் நிகழவேண்டிய அரையிறுதி ஆட்டம் புனே நகருக்கு மாற்றப்பட்டது. தம் ஊர் மக்கள் சூழ்ந்து நின்று ஊக்கும் பேற்றை இழந்தபோதும், அவ்வணியினர் கொல்கத்தா அணியை அங்கே 3–0 என வென்றனர். டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் 2–1 எனப் பின்தங்கியிருந்து, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல்கள் பெற்று, 3–2 எனப் பட்டம் பெற்றனர். 2018 மார்ச்சுத் திங்களில் மீண்டும் பட்டம் சூடினர். ஆனால், அடுத்த பருவத்திலேயே பத்துக் கழகங்களுள் இறுதி இடத்தை அடைந்தனர். முடி சூடியபோது நீலச் சட்டை அணிதல் எவர்க்கும் இயலும். இறுதி இடத்தில் நின்றபோதும் அதே சட்டையை அணிந்து வந்தவரே உண்மைப் பற்றாளர்.

எனினும், பற்று அளவு கடந்தால் பகையாகும். இதனைக் கொல்கத்தா நகரம் துன்புற்று உணர்ந்தது. அந்நகரின் மோகன் பகான் கழகம் 1889ஆம் ஆண்டில் தோன்றியது. 1911ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று அவ்வணி ஆங்கிலேயப் படையணி ஒன்றை 2–1 என வென்றது. அன்று ஆடிய பதினொருவருள் பதின்மர் வெறுங்காலினர் என்பது வியப்பன்றோ! 1920ஆம் ஆண்டில் ஈஸ்ட் பெங்கால் கழகம் தோன்றியது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின், கிழக்கு வங்காளத்திலிருந்து வீடிழந்து வந்த மக்கள் பலர் அக்கழகத்தைத் தம் உறவாகவே கருதினர். மோகன் பகான் வென்றால் அதன் அன்பர் இல்லங்களில் இறால் சமைப்பர். ஈஸ்ட் பெங்கால் வென்றால் அதன் அன்பர் ஹில்சா எனப்படும் உல்ல மீனை உண்டு மகிழ்வர். இவ்வாறு சுவையாக வளர்ந்த போட்டி, 1980ஆம் ஆண்டு ஆகஸ்டு 16 அன்று ஈடன் தோட்ட அரங்கில் கலவரமாக முற்றியது. நெரிசலில் சிக்கிப் பதினாறு பேர் மாண்டனர். ஆட்டம் காணச் சென்ற மைந்தர் வீடு திரும்பவில்லை. அந்த இழப்பை எந்த வெற்றிதான் ஈடுசெய்யும்?

அந்நாளைக் கொல்கத்தா மக்கள் கால்பந்து அன்பர் நாளாகப் போற்றிக் குருதிக் கொடை அளிக்கலாயினர். பெறும் நோயாளர் எவரும் அக்குருதி எந்தக் கழகத்தாருடையது என்று வினவுவதில்லை.

எதிரணியினர் என்பவர் யார்? கடலூரில் பிறந்த இந்துமதி கதிரேசனின் வாழ்க்கை இவ்வினாவிற்கு விடை தரும். இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய அவர், தமிழ்நாடு காவல்துறையிலும் பணி ஏற்றவர். மதுரையைச் சார்ந்த சேது கழகம் 2019ஆம் ஆண்டில் இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தை வென்றபோது அவர் அவ்வணியில் இருந்தார். 2022ஆம் ஆண்டில் கோகுலம் கேரளா கழகம் சேதுவை 3–1 என வென்று பட்டம் பெற்றது. மறு ஆண்டு அதே கோகுலம் கழகத்தின் சட்டையை அணிந்து ஆடி, அதன் பட்டத்தில் இந்துமதியும் பங்கு பெற்றார். நேற்று எதிர்த்து நின்ற கழகம் இன்று தம் ஊர்ப் பெண்ணின் கழகமாயிற்று. அவ்வாறாயின், எதிரணியினரை இகழ்ந்து பேசுதல் எவ்வளவு பேதைமை!

நல்ல சுவைஞர் தம் கழகத்திற்காகக் குரல் கொடுப்பர். எதிரணியினரின் திறமைக்கும் கை தட்டுவர். தோற்ற நாளில் நடுவரைப் பழியார். வென்ற நாளில் அண்டை வீட்டாரை எள்ளார். மறுநாள் காலை அதே தேநீர்க் கடையில், எதிர்க் கழகத்து நண்பர் அருகில் அமர்ந்து, முந்தைய நாள் ஆட்டத்தைப் பேசி மகிழ்வர். பாவும் ஊடும் இணைந்து ஆடையாவது போல, இரு கழகத்து அன்பரும் இணைந்தே விளையாட்டைக் காக்கின்றனர்.