கணக்கில் எவ்வளவு இருக்கிறது?

நண்பர்களே, இக்கேள்விக்கு நாம் ஒரே தொகையை விடையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். நானும் அப்படித்தான் இருந்தேன். சென்ற பருவத்தில், தனுவச்சபுரத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் அம்மாள், "மோனே, நீ தந்த செக் மடங்கிப் போச்சே" என்றார். அன்றுதான் ஒரு விடை போதாது என்று உணர்ந்தேன். பிழைப்புக்காக எல்லை கடந்து வந்த குடும்பத்துப் பிள்ளை வாடகையில் வாக்குத் தவறுவது சிறிய செய்தியன்று.

நான் கணக்கெழுதுவது குனூகேஷ் என்னும் இலவச மென்பொருளில். அன்று அதன் திரை 6,600 ரூபாய் காட்டியது. நான் கொடுத்த காசோலையோ 5,000 ரூபாய்தான். பிறகு ஏன் திரும்பியது? கணக்கை விரித்துப் பார்ப்போம்.

சென்ற மாத முடிவில், வங்கி தந்த கணக்கு அறிக்கையோடு வரிக்கு வரி ஒப்பிட்டுச் சரிபார்த்த தொகை 4,200. இதுவே 'ரீகன்சைல்டு', அதாவது ஒப்பிட்டுறுதி செய்த இருப்பு.

பின்னர் மளிகைக் கடைக்குக் கைப்பேசி வழியே 600 ரூபாய் செலுத்தினேன். அது வங்கிக் கணக்கிலும் உடனே கழிந்துவிட்டது. அவ்வாறு வங்கியில் நடந்தேறியவற்றையும் சேர்த்தால் கிடைப்பது 3,600. இது 'கிளியர்டு' இருப்பு.

வெள்ளி மாலை, நான் பாடம் சொல்லும் டுட்டோரியலில் தந்த 8,000 ரூபாய்க் காசோலையை வங்கிப் பெட்டியில் போட்டேன். வீட்டு அம்மாளுக்கு 5,000 ரூபாய்க் காசோலை எழுதினேன். இரண்டையும் அன்றே ஏட்டில் பதிந்தேன். 3,600 உடன் 8,000 கூட்டி 5,000 கழித்தால் 6,600. இதுதான் 'பிரசென்ட்', இன்றைய இருப்பு. ஆனால் இது என் ஏட்டின் கணக்கு, வங்கியின் கணக்கன்று. மறுநாள் இரண்டாம் சனி, அடுத்து ஞாயிறு. திங்களன்று அம்மாளின் காசோலை முந்திக்கொண்டது. என் பணம் வந்து சேரவில்லை. வங்கி கண்டது 3,600 மட்டுமே!

இன்னும் இரண்டு உண்டு. 20-ஆம் தேதி கல்லூரிக் கட்டணம் 7,000 கட்டவேண்டும். 28-ஆம் தேதி 5,000 வரவேண்டும். இவற்றை முன்தேதியிட்டுப் பதிந்தால் 'ஃபியூச்சர்', வருங்கால இருப்பு 4,600 ஆகும். மனம் நிறைகிறது அல்லவா? ஆயினும் 20-ஆம் தேதி நிலை என்ன? 6,600-இல் 7,000 போனால் 400 ரூபாய் பள்ளம். அந்தப் பள்ளத்தைக் காட்டுவதே 'புரொஜெக்டட் மினிமம்', வரப்போகும் நாள்களில் இருப்பு இறங்கும் மிகத் தாழ்ந்த அளவு. மாதக் கடைசியை மட்டும் பார்ப்பவனுக்கு அது தெரியாது.

வங்கியும் இரண்டு இருப்புகளைக் காட்டும். 'லெட்ஜர்' இருப்பு ஏட்டில் ஏறியது. 'அவைலபிள்' இருப்பு எடுத்துச் செலவிடத் தக்கது. வசூலாகாத காசோலையும், தடுத்துவைக்கப்பட்ட தொகையும் முன்னதில் அடங்கியிருக்கலாம், பின்னதில் அடங்கா.

காசோலை திரும்புவது மானக்கேடு மட்டுமன்று. 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தில் 138-ஆம் பிரிவு 1989 முதல் நடைமுறையில் உள்ளது. முறைப்படி அறிவிப்புக் கிடைத்த 15 நாள்களுக்குள் பணம் கொடுக்காவிடில், இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நான் மறுநாளே நண்பனிடம் கைமாற்று வாங்கிப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாள் எண்ணிப் பாராமலே முந்தானையில் முடிந்துகொண்டார். அது என்னை மேலும் நாணச் செய்தது.

ஆகவே தோழர்களே, காசோலை எழுதுமுன் 'கிளியர்டு' இருப்பைப் பாருங்கள்; தவணைக்கு ஒப்புக்கொள்ளுமுன் மிகத் தாழ்ந்த இருப்பைப் பாருங்கள்; மாதம் ஒருமுறை வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டு, வேறுபாடு சுழியாகும்வரை எழாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் அளவு எடுக்கும்போது எந்நிலையில், எந்நேரத்தில் எடுத்தோம் என்று குறிக்கிறோமே, அவ்வழக்கம் நம் பணத்துக்கும் வேண்டும்.