அசல் பிறந்தநாள்

ஆஸ்டின் டவுன், பெங்களூர்,
ஞாயிறு இரவு

அன்பு மருமகனுக்கு,

அக்கா போனில் சொன்னாள். பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் ஃபுட்பால் செலக்‌ஷனுக்காக, உன் வயதில் இரண்டைக் குறைத்து சர்டிபிகேட் வாங்கித்தர ஒருவர் முன்வந்திருக்கிறாராம். நீ சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லையாம். அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. நானும் ஒரு வருஷம் பொய் வயதில் ஆடியவன். டீம் பெயர் வேண்டாம். எனக்கு அப்போது பதினாறு; காகிதத்தில் பதினான்கு. நந்தன் கிரவுண்டில் எதிரே நின்ற பையன்கள் என் தோளுக்குத்தான் வந்தார்கள். பந்தை முன்னால் தள்ளிவிட்டு ஓடினால் போதும், பிடிக்க ஆளில்லை. கோல் விழுந்தது, கைதட்டினார்கள்.

அந்த வருஷம் என் பிறந்தநாளுக்கு உன் பாட்டி சேமியா பாயசம் வைத்திருந்தாள். டீம் பையன்கள் இரண்டு பேர் திடீரென்று வீட்டுக்கு வந்துவிட்டார்கள். “என்னம்மா விசேஷம்?” என்று ஒருவன் கேட்டான். காகிதத்தில் மாதமும் தேதியும்கூட வேறு. அம்மா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, “சும்மாதான்” என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். தம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பாயசம் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. வியாழக்கிழமைதோறும் விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போனேன். பாவசங்கீர்த்தனத்தில் இதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

பெரியவர்களோடு ஆடப்போனதும் என் வேகம் எடுபடவில்லை. இடது கால் ஷாட், பார்த்துக் கொடுக்கிற பாஸ் எல்லாம் கற்க வேண்டிய வயதில், சின்னப் பையன்களை முந்தி ஓடியே பொழுது போயிருந்தது. நான் உண்மையில் எவ்வளவு நல்ல ஆட்டக்காரன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இழந்ததில் பெரியது அதுதான்.

நம்ம ஊர் கிரிக்கெட் வீரர் ராகுல் திராவிட் 2015 டிசம்பரில் டெல்லியில் நடந்த பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் இந்த வயது மோசடியைப் பற்றித்தான் வேதனைப்பட்டார். வயதை மறைக்கிறவன் ஜெயிப்பது திறமையால் என்று சொல்ல முடியாது, உடம்பு பெரிதாக இருப்பதாலும் இருக்கலாம். அவனால் நேர்மையான ஒரு பையனின் இடம் போகிறது. பொய்யைக் கற்றுக்கொடுப்பவர்கள் பெற்றோரும் கோச்சும் என்றார்.

இப்போது இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பின் வளர்ச்சித் தட்டுகளைப் பார்த்தே வயதைக் கணித்துவிடுகிறார்கள். 2020இல் இந்திய கிரிக்கெட் வாரியம், தானாக முன்வந்து உண்மை வயதைச் சொல்பவருக்குத் தடையில்லை, மறைத்து மாட்டினால் இரண்டு வருஷத் தடை என்று அறிவித்தது. உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மாட்டாமலே தப்பித்தவன் நான். தப்பித்தும் நிம்மதி இல்லை.

உண்மை வயதில் ஆடினால் நீ பெஞ்சில் உட்கார நேரலாம். ஆனால் அடிக்கிற ஒவ்வொரு கோலும் உன்னுடையது. யாரிடம் எதைச் சொன்னோம் என்று ஞாபகம் வைத்திருக்க வேண்டாம். எந்த ஆபீஸிலும் பிறந்த தேதி கேட்டால் நாக்கு குழறாது. படுத்ததும் தூக்கம் வரும்.

அசல் சர்டிபிகேட் அக்கா பீரோவில், மேல்தட்டில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு பதினேழு வயதுப் பிரிவு செலக்‌ஷனுக்குப் போ. அன்று காலையில் நான் கிரவுண்ட் வாசலில் நிற்பேன்.

அன்புடன்,
மாமா